ரிம் பெரிதானால் வேகம் கூடுமா?

வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் நம் இளைஞர்கள் பலர் செய்யும் முதல் பெரிய செலவு கார். அடுத்த செலவு பெரும்பாலும் ரிம். காரோடு வந்த 15 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 அங்குலம், பிறகு 18, 19 என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. காரை வீட்டு வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் நிறுத்துவதற்காக இதைச் செய்தால் அது அவரவர் ரசனை. அதில் மற்றவர் தலையிட ஒன்றும் இல்லை. ஆனால் அதே காரை ‘டிராக் டே’ என்று சொல்லிச் சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகும்போது விஷயம் மாறிவிடுகிறது. அங்கே ரிம்மும் டயரும் உயிரோடும் பணத்தோடும் சம்பந்தப்பட்டவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடத்தில் ஓட்ட விரும்பும் இளைஞர் முதலில் நல்ல டயர் வாங்க வேண்டும். அடுத்து பிரேக்கைக் கவனிக்க வேண்டும். ரிம்மைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அப்போதும் பெரியதைத் தேடாமல், பிரேக்குக்கு இடம் விடும் அளவில் சிறியதையும் எடை குறைந்ததையும் தேட வேண்டும். இன்று நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

தடம் வேறு, சாலை வேறு

‘டிராக் டே’ என்றால் பந்தயம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். பந்தயம் வேறு, இது வேறு. கட்டணம் கட்டி, பாதுகாப்பு விளக்கம் கேட்டு, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரை மூடிய தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் இது. எதிரே வண்டி வராது. கொடி காட்டும் அலுவலர்கள் இருப்பார்கள். தடத்தை விட்டு விலகினால் ஓடி நிற்பதற்குச் சரளைக்கல் பரப்பு இருக்கும். பொதுச் சாலையில் நள்ளிரவில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. அங்கே கிடைப்பது மின்கம்பமும், எதிரே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியும்தான். ஆகவே வேகத்தின் மேல் ஆசை உள்ள பிள்ளையை “வேண்டாம்” என்ற ஒரே சொல்லால் அடக்குவதைவிட, “ஓட்டுவதானால் தடத்தில் ஓட்டு, தயாராகப் போ” என்று சொல்வதே நல்லது என்பேன்.

தயாராகப் போவது என்றால் என்ன? சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் 1999-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 15 வளைவுகள், அவற்றில் 10 வலப்பக்கம், 5 இடப்பக்கம். இரண்டு நீண்ட நேர்வழிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டிய வளைவு. வெயில் நேரத்தில் தாரின் சூடு 50 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கே அபூர்வம் இல்லை. பிற்பகலில் முன்னறிவிப்பில்லாமல் மழை கொட்டும். 2009-இல் இங்கு நடந்த பார்முலா ஒன் பந்தயத்தையே மழை பாதியில் நிறுத்தியது. 56 சுற்றுகளில் 31 சுற்றுகளோடு முடித்து, ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். உலகத்தின் தலைசிறந்த குழுக்களுக்கே அந்த நிலை என்றால், சனிக்கிழமை காலையில் சொந்தக் காரில் போகும் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

எந்தக் காரும் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. எஞ்சின் தரும் விசை, பிரேக் பிடிக்கும் விசை, வளைவில் காரைத் தாங்கும் விசை எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் போக வேண்டும். எஞ்சினுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் டயரின் பிடிப்புக்கு மேல் ஒரு துளியும் பயன்படாது.

அந்த டயரின் பக்கத்தில் அதன் பிறப்புச் சான்றிதழ் அச்சாகியிருக்கிறது. 205/45 ஆர்17 84டபிள்யூ என்று இருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு, அதாவது சுமார் 92 மில்லிமீட்டர். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 84 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 500 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது வேகக் குறியீடு. மணிக்கு 270 கிலோமீட்டர் வரை. இவற்றோடு நான்கு எண்கள் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டயரை வாங்குமுன் இந்த நான்கு எண்களைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ரப்பர் இறுகிப்போன டயரில் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது.

பெரிய ரிம் என்ன செய்யும்?

டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமானி தவறாகக் காட்டும். டயர் மட்கார்டில் உரசும். ஆகவே ரிம் பெரிதானால் பக்கச்சுவர் சிறுத்தாக வேண்டும். 185/55 ஆர்15 டயர் போட்ட மைவியில் பக்கச்சுவர் சுமார் 102 மில்லிமீட்டர். அதே காரில் 17 அங்குல ரிம் மாட்டி 195/40 டயர் போட்டால் அது 78 மில்லிமீட்டராகக் குறைகிறது. பக்கச்சுவர் குறைந்தால் திருப்பும்போது கார் சட்டென்று பதில் சொல்லும் என்பது உண்மை. அந்த உணர்வைத்தான் பலர் வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தட ஓரத்துக் கர்பில் ஏறி இறங்கும்போது அடியை வாங்க அங்கே ரப்பர் குறைவு. அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும்.

அடுத்தது எடை. ஒரே தரத்தில் செய்த ரிம்களில் பெரியது பொதுவாக எடை கூடியது. அந்த எடையும் மையத்தை விட்டுத் தள்ளி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. இடைநிலைப்பள்ளி இயற்பியலில் நிலைமம் பற்றிப் படித்தவர்களுக்கு இது புரியும். காரின் உள்ளே ஒரு கிலோ கூடினால் எஞ்சின் அதை முன்னோக்கித் தள்ளினால் போதும். சக்கரத்தின் விளிம்பில் ஒரு கிலோ கூடினால் முன்னோக்கித் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். முடுக்கத்தின்போது அந்த ஒரு கிலோ ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடை உள்ளது போல நடந்துகொள்ளும். நான்கு சக்கரத்திலும் இரண்டிரண்டு கிலோ கூட்டினால் எட்டுக் கிலோ; எஞ்சின் உணர்வது ஏறக்குறைய 12 முதல் 16 கிலோ. பிரேக்கும் அதே சுமையை நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள இந்த எடை, மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் இருப்பதையும் கடினமாக்குகிறது.

இதைக் கார் நிறுவனங்களே ஒப்புக்கொண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காருக்கு 20 அங்குல ரிம், 245/30 டயர். 2022-இல் அதற்கு அடுத்த டைப் ஆர் வந்தபோது ரிம்மை 19 அங்குலமாகக் குறைத்து, டயரை 265/30 என்று அகலமாக்கினார்கள். ரிம் சிறுத்தது, ரப்பர் கூடியது. அந்தப் புதிய கார் சுஸுகா தடத்தில் 2 நிமிடம் 23.120 வினாடியில் ஓடி, பழைய வகையின் 2 நிமிடம் 23.993 வினாடியை முறியடித்தது. ரிம்மால் மட்டுமே அது நடந்தது என்று சொல்ல முடியாது. எஞ்சின், நீளம், காற்றியக்கம் எல்லாம் மாறியிருந்தன. ஆனால் வேகத்தையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள் ரிம்மை ஓர் அங்குலம் குறைக்க முடிவெடுத்தார்கள் என்பதை நம் இளைஞர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

“பார்முலா ஒன் காரில் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குப் போனார்களே” என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 2022-இல் அந்த மாற்றம் விதிமுறையால் வந்தது. சாலைக் கார்களின் டயருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சக்கரங்களின் எடை அதனால் கூடியது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே சுமை என்பதால் யாருக்கும் நட்டம் இல்லை. நம் காருக்கு அப்படி ஒரு விதி இல்லை. நாமாகவே சுமையை ஏற்றிக்கொள்கிறோம்.

ஒல்லி டயர் வெட்கப்பட வேண்டியதில்லை

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அகலமான டயர் வேண்டும் என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இப்போதைய வகையில் 2 லிட்டர் காருக்கு 205/45 ஆர்17 டயர்தான். 1.5 லிட்டர் காருக்கு 195/50 ஆர்16. 2012-இல் வந்த டோயோட்டா 86 காரின் டயர் 215 மில்லிமீட்டர் அகலம்தான். அதிலும் சாதாரண செடான் கார்களுக்கு ஏற்ற வகையைத்தான் நிறுவனம் மாட்டிக் கொடுத்தது. எடை குறைந்த காருக்கு அதற்கேற்ற டயர் போதும் என்பதும், மிதமான வேகத்திலேயே கார் தன் எல்லையை ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும் என்பதும் அந்தக் கார்களின் தத்துவம்.

கற்றுக்கொள்பவருக்கு இது மிக முக்கியம். பிடிப்பு குறைந்த டயர் முதலில் சத்தம் போடும், பிறகு மெல்ல நழுவும். ஓட்டுநருக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பிடிப்பு மிகுந்த டயர் அதிக வேகம் வரை தாங்கும். விடும்போது சட்டென்று விட்டுவிடும். அந்த வேகத்தில் திருத்திக்கொள்ளப் புதியவரின் கைக்குப் பழக்கம் இருக்காது. ஆகவே முதல் நான்கைந்து நாட்கள் காரோடு வந்த அளவிலேயே, தரமான சாலை டயரில் ஓட்டுவதே சிறந்தது. “அந்த டயரில் போனால் சிரிப்பார்கள்” என்று தயங்க வேண்டாம். தடத்தில் உண்மையாக ஓட்டத் தெரிந்தவர்கள் டயரைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

அடுத்த படிக்குத் தயாரானதும் டயரின் மேல் ‘டிரெட்வேர்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் கூடினால் டயர் மெல்லத் தேயும். பிடிப்பு பொதுவாகக் குறையும். 300-ஐ ஒட்டியவை சாலைக்கும் அவ்வப்போது தடத்துக்கும் ஏற்றவை. யோகோஹாமா அட்வான் நியோவா, ஹன்கூக் ஆர்எஸ்4 போன்ற 200 எண் டயர்கள் தடத்தில் அடிக்கடி ஓடுபவர்களுக்கு. டோயோ ஆர்888ஆர் போன்ற 100 எண் டயர்கள் ஏறக்குறைய பந்தய டயர். இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தருகிறது என்பதால் வேறு வேறு நிறுவனங்களின் எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. வழிகாட்டியாக மட்டும் கொள்ள வேண்டும். 100 எண் டயரைப் போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதில் நீர் வடியும் பள்ளங்கள் குறைவு. மாலை மழையில் நெடுஞ்சாலையில் தேங்கிய நீரின்மேல் அந்த டயர் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான் இருக்கும்.

காற்றழுத்தம்: காசில்லாத பாடம்

டயர்க் கடைக்காரர் அடித்துவிட்ட காற்றோடு தடத்தில் இறங்குவது பெரிய தவறு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். காலையில் 27 பாகையில் டயரில் 30 பி.எஸ்.ஐ. இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.7. இரண்டையும் கூட்டினால் 44.7. சில சுற்றுகளில் டயருக்குள் காற்று 77 பாகைக்குச் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 300 என்பது 350 ஆகிறது. 44.7-ஐ 350-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 52 வருகிறது. வெளிக்காற்றைக் கழித்தால் 37 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல். ஒரு மூச்சுக் காற்றும் அடிக்காமலே ஏழு பி.எஸ்.ஐ. ஏறிவிட்டது. டயரின் நடுப்பகுதி மட்டும் அதிகமாக அழுந்தும், உள்ளங்கை சிறுக்கும், பிடிப்பு போகும்.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒவ்வொரு முறை குழியறைக்குத் திரும்பும்போதும் சூடான அழுத்தத்தை அளந்து, கூடியதை வெளியே விடுகிறார்கள். எந்த அளவு சரி என்பது காருக்குக் கார், டயருக்கு டயர் மாறும். ஒரு நல்ல அழுத்தமானி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா போதும். நேரம், வெயிலா மழையா, குளிர்ந்த அழுத்தம், சூடான அழுத்தம், கார் எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள். சிப்பாங்கில் வலப்பக்க வளைவுகளே அதிகம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடுதலாக உழைக்கும்; அதுவும் உங்கள் நோட்டில் தெரியவரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தடத்தில் வெளியேற்றிய காற்றை வீடு திரும்புமுன் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பிறகு காற்றுக் குறைந்த டயரில் நெடுஞ்சாலையில் விரைவது ஆபத்து.

போலி ரிம்மின் விலை

ரிம் வாங்கியே தீர வேண்டும் என்றால் தோற்றத்தைக் கடைசியில் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்துப் பாதி விலைக்கும் குறைவாக விற்கும் ‘ரெப்ளிகா’ ரிம்கள் நம் நாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. வடிவத்தை நகலெடுக்கலாம், உலோகத்தின் வலிமையையும் சோதனையையும் நகலெடுக்க முடியாது. ரிம்மில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முத்திரையையும் போலியாகப் பதிக்க முடியும் என்பதால், நம்பகமான கடையில் ரசீதோடு வாங்குவதே பாதுகாப்பு. பயன்படுத்திய ரிம்மாக இருந்தால் வெடிப்போ பற்றவைத்த தழும்போ உள்ளதை இலவசமாகக் கொடுத்தாலும் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பொருத்தமும் முக்கியம். நட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத் துளையின் அளவு, ரிம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவான ஆஃப்செட் ஆகிய மூன்றும் காருக்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததை ஸ்பேசர் வைத்துச் சமாளித்து, டயரை மட்கார்டுக்கு வெளியே நீட்டி ஓட்டினால் சக்கரத் தாங்கியின் ஆயுள் குறையும். சாலையில் ஜேபிஜே அதிகாரிகளுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். மாட்டும்போது நட்டை டார்க் ரெஞ்சால், காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். தடத்தில் ஓடிக் குளிர்ந்த பின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல் ஒரு குடும்பப் பொறுப்பு இருக்கிறது. சாதாரண மோட்டார் காப்புறுதிகளில் பெரும்பாலானவை பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு தருவதில்லை. தடத்தில் கார் நொறுங்கினால் அந்தச் செலவு நம் தலையில். கார்க் கடன் மட்டும் மாதாமாதம் ஓடும். அந்தக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் தலையிலும்தான். ரிம்முக்கென்று தனிக் கடன் வாங்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகட்டும். அதே பணத்தில் நல்ல டயர் நான்கு, பிரேக் பேட், புதிய பிரேக் எண்ணெய், பயிற்றுநரோடு ஒரு நாள் தடக் கட்டணம் எல்லாம் அடங்கிவிடக்கூடும்.

ஆசையைப் படிப்பாக்குவோம்

கார் மீது பைத்தியமாக இருக்கும் பையன் படிப்பில் கவனம் இல்லாதவன் என்று நாமே முத்திரை குத்திவிடுகிறோம். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் படிப்புதான். விழுக்காடு, விட்டம், நிலைமம், வாயு விதி, உலோகவியல் எல்லாம் ஒரு டயருக்குள் இருக்கின்றன. வகுப்பறையில் தூங்கும் மாணவன் முன்னால் ஆசிரியர் ஒரு டயரை உருட்டி வந்து வைத்துப் பாடம் நடத்தினால் அவன் எழுந்து உட்காருவான் என்றே நம்புகிறேன். தொழிற்கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தட நாள் ஒரு செய்முறைக் கூடம். அழுத்தம், வெப்பம், தேய்மானம் ஆகியவற்றை முறையாகக் குறித்து வைத்த ஒரு நோட்டு, நேர்முகத் தேர்வில் சான்றிதழுக்குத் துணையாக நிற்கும். கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டான் காரில் ஓட்டி உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் வெற்றியாளர் ஆனார். உலகத் தரத்துக்கு ஓட்டவும் காரைத் தயார்ப்படுத்தவும் இந்நாட்டவரால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கார் விரும்பும் இளைஞர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். கார்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் சந்திப்புகளில் ஒரு மணி நேரத்தையாவது டயர் பாடத்துக்கு ஒதுக்குங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, வந்திருக்கும் ஒவ்வொரு காரின் டயரையும் படிக்கச் சொல்லுங்கள். தேய்மானக் குறியான 1.6 மில்லிமீட்டரை எட்டிவிட்ட டயர் இருந்தால் அந்த உரிமையாளரிடம் அங்கேயே சொல்லுங்கள். அன்று யாருக்காவது சங்கடமாக இருக்கலாம். ஆனால் அவர் அன்றிரவு மழையில் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.

சம்பளப் பணம் கைக்கு வந்து, தடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டதா? முதலில் டயர். அடுத்து பிரேக். அடுத்து பயிற்சி. ரிம் காத்திருக்கட்டும், அது எங்கும் ஓடிப்போகாது.